"நன்றாகத்தான் இருக்கிறேன்" என்று கருவி சொன்னால் நம்பலாமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மின்சாரம், குடிநீர், துறைமுகம், ஆஸ்பத்திரி என்று இருபத்துநான்கு மணிநேரமும் ஓட வேண்டிய இடங்களில் ரவுட்டர், சுவிட்ச், பிஎல்சி (பம்ப் போன்ற இயந்திரங்களை இயக்கும் சிறு கணினி), இன்வர்ட்டர், கமரா எல்லாம் இன்று வலையமைப்பில்தான் தொங்குகின்றன. அவற்றுக்குள் ஓடுவது நாம் போட்டுக் கொடுத்த மென்பொருள்தானா, இடையில் யாரும் கைவைத்துவிட்டார்களா என்று எப்படித் தெரிந்துகொள்வது? கொழும்பில் இந்த வேலைகளில் இருக்கும் தமிழ் பேசும் தொழில்நுட்பவியலாளர்களும் பயிலுநர்களும் திரும்பத் திரும்பக் கேட்பவற்றை இங்கே தொகுத்திருக்கிறேன். கணினிப் பாதுகாப்பு படித்திருக்க வேண்டும் என்றில்லை.

கருவியைச் சோதிப்பது என்றால் சரியாக எதைப் பார்ப்பது?

இது நாம் வாங்கிப் பொருத்திய அதே கருவிதானா என்பது ஒன்று. உள்ளே இருக்கும் ஃபேர்ம்வெயார் (கருவிக்குள்ளேயே பதித்த அடிப்படை மென்பொருள்) தயாரிப்பாளர் வெளியிட்டதுதானா என்பது அடுத்தது. அப்புறம், செட்டிங்ஸும் கட்டுப்பாட்டு லாஜிக்கும் (எப்போது எதை இயக்குவது என்ற நிரல்) நாம் ஒப்புக்கொண்டபடியே இருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும்.

கடைசியாகச் சொன்னதைத்தான் பெரும்பாலானோர் விட்டுவிடுகிறார்கள். ஃபேர்ம்வெயாரில் ஓர் எழுத்தும் மாறாமல் இருக்கலாம். ஆனால் ஒரு பம்ப் எந்த அழுத்தத்தில் நிற்க வேண்டும் என்ற ஒரேயொரு எண்ணை மாற்றினால் போதும், குழாய் வெடிக்கும். ஆகவே "ஃபேர்ம்வெயார் பார்த்தாச்சு" என்று கோப்பை மூடிவிட வேண்டாம்.

கருவி வேலை செய்கிறது, லைட் பச்சையாக எரிகிறது, திரையிலும் எல்லாம் சரி. பிறகு ஏன் சந்தேகப்பட வேண்டும்?

2010இல் வெளியே தெரியவந்த ஸ்டக்ஸ்நெட் இந்தக் கேள்விக்குச் சரியான பதில். ஈரானின் நதான்ஸ் யுரேனியச் செறிவூட்டல் நிலையத்திலிருந்த சீமென்ஸ் பிஎல்சிகளைக் குறிவைத்த நச்சுநிரல் அது. பிஎல்சிக்குள் புகுந்ததோடு அது நிற்கவில்லை. பொறியியலாளர் பிஎல்சியோடு பேசப் பயன்படுத்தும் கணினியில் இருந்த ஒரு டிஎல்எல் கோப்பையும் (அந்தப் பேச்சை நடத்தும் நிரல் கோப்பு) மாற்றி வைத்தது. அவர் "உள்ளே என்ன நிரல் இருக்கிறது, காட்டு" என்று கேட்டால், புகுத்தப்பட்ட பகுதியை ஒளித்துவிட்டு மிச்சத்தைக் காட்டும். கண்காணிப்பவர்களுக்கும் முன்பே பதிந்து வைத்த சாதாரண அளவுகளே போய்ச் சேர்ந்தன. மையவிலக்கிகள் நாசமாகிக்கொண்டிருந்தபோது திரையில் எல்லாம் சுகமாக இருந்தது.

இந்தப் பக்கத்தில் வரும் எல்லாப் பதில்களும் இங்கிருந்துதான் கிளம்புகின்றன. சந்தேகத்துக்குரிய கருவியிடமே "நீ சரியா?" என்று கேட்டு, அதன் வாயால் வரும் பதிலைப் பதிவேட்டில் எழுதுவது சோதனை ஆகாது. சான்று, உள்ளே புகுந்தவனின் கை எட்டாத இடத்திலிருந்து வர வேண்டும். அதை ஒப்பிடும் மாதிரியும் அவனுக்கு எட்டாத இடத்தில் இருக்க வேண்டும்.

சரி, இலங்கையை யார் தாக்கப்போகிறார்கள்?

நாடு முழுவதும் இருளில் மூழ்கிய நாட்கள் நமக்குப் புதிதல்ல. 2020 ஆகஸ்ட் 17ஆம் திகதி கெரவலப்பிட்டி உப மின் நிலையத்தில் பராமரிப்பு வேலையின்போது நடந்த தவறு காரணம். 2025 பெப்ரவரி 9ஆம் திகதி பாணந்துறை உப மின் நிலையத்தில் குரங்கு பாய்ந்தது என்று அமைச்சர் சொன்னார். இரண்டுமே சைபர் தாக்குதல் இல்லை. ஆனால் ஓரிடத்தில் ஏற்படும் கோளாறு முழுத் தீவையும் நிறுத்திவிடும் என்று இரண்டும் காட்டின. அந்த ஓரிடத்தை வெளியிலிருந்து இயக்க முடிந்தால் என்ன ஆகும் என்பதுதான் நம் கவலை.

2015 டிசம்பர் 23ஆம் திகதி உக்ரைனில் அதுதான் நடந்தது. மின் விநியோக நிறுவனங்களின் கட்டுப்பாட்டறைக் கணினிகளுக்குள் புகுந்தவர்கள் பிரேக்கர்களைத் திறந்து மின் இணைப்பைத் துண்டித்தார்கள். ஏறக்குறைய 2,25,000 பாவனையாளர்களுக்கு மின்சாரம் போனது. போகும்போது, உப மின் நிலையங்களில் பழைய சீரியல் கருவிகளை ஈதர்நெட்டோடு இணைக்கும் சிறு பெட்டிகளின் ஃபேர்ம்வெயாரையும் நாசமாக்கி, திரும்ப உயிர்ப்பிக்க முடியாமல் செய்தார்கள். யாருமே கவனிக்காத பெட்டிகள் அவை. பொறியியலாளர்கள் ஒவ்வொரு இடமாகப் போய்க் கையால் பிரேக்கரை மூட வேண்டி வந்தது.

நாம் சின்ன இடம், நம்மைத் தேடி யார் வருவார் என்று நினைக்கவும் முடியாது. 2023 நவம்பரில் அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் அலிக்விப்பா என்ற சிற்றூரின் குடிநீர்ச் சபையில் ஒரு பம்ப் நிலையத்தின் கட்டுப்படுத்தியைப் பிடித்தார்கள். அந்த ஊர்மீது யாருக்கும் பகை இல்லை. குறிப்பிட்ட நாட்டில் செய்த, இணையத்தில் திறந்து கிடந்த கருவிகளை வரிசையாகத் தேடியவர்கள் கண்ணில் அதுவும் பட்டது. அந்த வகைக் கருவியில் தொழிற்சாலை வைத்துக் கொடுக்கும் கடவுச்சொல் 1111.

நம் வீட்டிலும் நடந்திருக்கிறது. 2023 ஆகஸ்டில் அரச மின்னஞ்சல் சேவையை ரான்சம்வெயார் (தரவைப் பூட்டிவைத்துப் பணம் கேட்கும் நச்சுநிரல்) தாக்கி, மே 17 முதல் ஆகஸ்ட் 26 வரையான மின்னஞ்சல்கள் மீளாமல் போயின. அந்தக் காலத்துக்கு வேறிடத்தில் பிரதி இருக்கவில்லை.

எங்கே தொடங்குவது?

பட்டியலில் தொடங்குங்கள். இதைச் சொன்னால் பலருக்கு ஏமாற்றம். ஏதாவது மென்பொருள் வாங்கச் சொல்வேன் என்று எதிர்பார்க்கிறார்கள். ஆனால் என்ன இருக்கிறது என்றே தெரியாதவர் எதைச் சோதிப்பார்?

கட்டடத்தை நடந்து பாருங்கள். அலமாரியைத் திறந்து, ஒவ்வொரு பெட்டியின் மொடல், தொடர் இலக்கம், ஃபேர்ம்வெயார் பதிப்பு, எங்கே பொருத்தியிருக்கிறது, யார் பொறுப்பு என்று எழுதுங்கள். சிம் போட்ட சிறு மோடம் ஒன்று அலமாரியின் பின்பக்கம் ஒட்டியிருக்கலாம்; வெளியிலிருந்து சேவை வழங்கும் நிறுவனம் தன் வசதிக்காக வைத்துவிட்டு மறந்துபோயிருக்கும். வலையமைப்பு வரைபடத்தில் அது இருக்கவே இருக்காது. இணையத்துக்குப் போகும் இன்னொரு வாசல் அதுதான். கால்நடையாகப் போனால்தான் கண்ணில் படும்.

பட்டியல் முடிந்ததும், ஒவ்வொரு கருவியின் செட்டிங்ஸையும் லாஜிக்கையும் ஒரு பிரதி எடுத்து, வலையமைப்பில் இணையாத இடத்தில் வையுங்கள். நாளை ஒப்பிட்டுப் பார்க்க அதுதான் மாதிரி. எடுக்கும் நாளில் கருவி சுத்தமாக இருந்ததா என்று கேட்பீர்கள். நியாயம்தான். முடிந்தவரை, கருவியைப் பொருத்தி ஒப்படைத்தபோது கையெழுத்திட்ட ஆவணங்களோடு வரிவரியாகப் பாருங்கள். ஆவணமே இல்லையென்றால், அந்தப் பிரிவின் பொறியியலாளரை உட்காரவைத்து ஒவ்வொரு வரிக்கும் "இது ஏன் இப்படி?" என்று கேளுங்கள். மணிக்கணக்காகும். ஆனால் காரணம் சொல்ல முடியாத வரி ஒன்றிரண்டு கட்டாயம் வரும்.

ஹேஷ் பார்க்கச் சொல்கிறார்கள். அது எப்படி உதவும்?

ஒரு கோப்பை ஷா-256 என்ற கணக்கீட்டில் போட்டால், இலக்கங்களும் எழுத்துகளும் கலந்த 64 குறிகள் கொண்ட ஒரு வரி வரும். அந்த வரிதான் ஹேஷ். ஒரு கிலோபைட் கோப்பானாலும் ஒரு கிகாபைட் கோப்பானாலும் 64தான். கோப்பில் ஒரேயொரு பிட் மாறினாலும் வரி அடியோடு மாறிவிடும். அதே வரி வருமாறு வேறொரு கோப்பைச் செய்வது இன்றைக்கு யாராலும் முடியாத காரியம்.

பழைய கருவிகள் எம்டி5 வரியைக் காட்டும். அதை நம்பியிருக்க வேண்டாம். ஒரே எம்டி5 வரும் இரண்டு கோப்புகளைச் செய்யலாம் என்று 2004இலேயே காட்டிவிட்டார்கள். ஷா-1க்கும் 2017இல் அதே கதி.

பலர் வழுக்குவது இங்கே: ஃபேர்ம்வெயார் கோப்பையும் அதன் ஹேஷையும் ஒரே இடத்திலிருந்து எடுப்பார்கள். கோப்பை மாற்றியவனுக்கு, பக்கத்தில் இருக்கும் வரியை மாற்றுவது எம்மாத்திரம்? சேவை நிறுவனத்தின் ஆள் யூஎஸ்பியில் கோப்பும், அதே யூஎஸ்பியில் ஹேஷ் எழுதிய குறிப்பும் கொண்டுவந்தால், அது சோதனையே அல்ல. ஹேஷைத் தயாரிப்பாளரின் தளத்திலிருந்து நீங்களே எடுங்கள். வேறொரு கணினியில், வேறொரு இணைப்பில் எடுத்தால் இன்னும் நல்லது.

இன்னொன்று. இறக்கிவைத்த கோப்பைச் சோதித்துவிட்டால் கருவிக்குள் ஓடுவதையும் சோதித்ததாக ஆகாது. 2015இல் சில நாடுகளில் சிஸ்கோ ரவுட்டர்களுக்குள் மாற்றப்பட்ட இயங்குதளப் படிமம் கண்டுபிடிக்கப்பட்டது. ரவுட்டரை நிறுத்தி எழுப்பினாலும் அது நிலைத்திருந்தது. வெளியிலிருந்து பார்த்தால் ரவுட்டர் வழமைபோல வேலை செய்தது.

டிஜிட்டல் கையொப்பம் இட்ட ஃபேர்ம்வெயார் என்றால் கவலையில்லைதானே?

கவலை குறையும், போகாது. கோப்பு தயாரிப்பாளரிடமிருந்து வந்தது, இடையில் மாறவில்லை என்பதைத்தான் கையொப்பம் காட்டும். வலையமைப்பைக் கண்காணிக்கும் மென்பொருள் செய்யும் சோலார்விண்ட்ஸ் நிறுவனத்தின், 2020இல் வெளிவந்த விவகாரத்தில், நச்சுநிரல் தயாரிப்பாளரின் சொந்த உற்பத்திக் கட்டத்திலேயே புகுத்தப்பட்டு, முறையான கையொப்பத்தோடு சுமார் 18,000 வாடிக்கையாளர்களுக்குப் போனது. கையொப்பம் நூறுவீதம் உண்மையானது. ஸ்டக்ஸ்நெட்டும் தைவான் நிறுவனங்களிடமிருந்து திருடிய சான்றிதழ்களால் கையொப்பமிடப்பட்டிருந்தது.

2024இல் இன்னொன்று தெரியவந்தது. கணினி எழும்பும்போது கையொப்பம் பார்க்கும் 'செக்யூர் பூட்' என்ற வசதிக்கு அடித்தளமான டிஜிட்டல் திறப்பு (கையொப்பத்தைச் சரிபார்க்கும் நீண்ட எண்), நூற்றுக்கணக்கான மொடல்களில் வெறும் சோதனைத் திறப்பாகவே கிடந்தது. அதன் பெயரிலேயே 'நம்ப வேண்டாம்' என்று ஆங்கிலத்தில் எழுதியிருந்தது. அப்படியே சந்தைக்கு வந்துவிட்டது. கையொப்பமிடப் பயன்படுவதால் இரகசியமாக இருக்க வேண்டிய அதன் மறுபாதியோ இணையத்தில் கசிந்திருந்தது.

டிபிஎம் சிப் (அளவுகளையும் இரகசியத் திறப்புகளையும் காக்கும் தனிச் சிப்) இருக்கும் கருவி வாங்கச் சொல்கிறார்கள். அது உள்ளே என்ன செய்கிறது?

2021இல் விண்டோஸ் 11 வந்தபோது பழைய லெப்டொப்புகள் பலவற்றுக்கு இடமில்லாமல் போனது, அது டிபிஎம் 2.0 கேட்டதாலும்தான். அதே சிப் நல்ல ரவுட்டர்களிலும் சுவிட்சுகளிலும் வருகிறது. அது செய்வதைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்ப்போம்.

மின்சாரம் வந்ததும், மாற்றமுடியாத நினைவகத்தில் இருக்கும் ஒரு சிறு நிரல் முதலில் எழும்புகிறது. அடுத்து வர வேண்டிய பூட்லோடரை (இயங்குதளத்தை எழுப்பும் நிரல்) ஓடவிடுமுன், அது பூட்லோடரின் ஹேஷைக் கணித்து டிபிஎம்மிடம் கொடுக்கிறது. பூட்லோடர் எழும்பி, இயங்குதளத்தை ஓடவிடுமுன் இயங்குதளத்தின் ஹேஷைக் கொடுக்கிறது. இப்படியே போகும். ஒவ்வொருவரும் தனக்குப் பின் வருபவரை அளந்து பதிந்துவிட்டே வழிவிடுகிறார்.

பதியும் இடத்துக்கு பிசிஆர் என்று பெயர். அதில் நேரடியாக எதையும் எழுத முடியாது. ஏற்கெனவே இருக்கும் மதிப்பையும் புதிதாக வந்த அளவையும் ஒட்டவைத்து, அதற்கு ஒரு ஹேஷ் எடுத்து, அந்த விடையைத்தான் சிப் வைத்துக்கொள்ளும். ஆகவே நடுவில் எழும்பிய நச்சுநிரல், தன்னை அளந்து பதிந்ததை அழிக்க முடியாது. அதற்குப் பின் எதைச் சேர்த்தாலும் சரியான விடை வராது. கருவியை மீள எழுப்பினால்தான் முதலிலிருந்து தொடங்கும். தொடங்கினால் அளப்பதும் முதலிலிருந்து நடக்கும்.

இப்போது நீங்கள் தொலைவிலிருந்து கேட்கிறீர்கள். உங்கள் சோதனைச் சேர்வர் இதுவரை பயன்படுத்தாத ஓர் எழுமாற்று எண்ணை அனுப்பும். டிபிஎம் அந்த எண்ணையும் பிசிஆர் மதிப்புகளையும் சேர்த்து, சிப்பைவிட்டு வெளியே வராத இரகசியத் திறப்பால் கையொப்பமிட்டுத் திருப்பும். அந்த எழுமாற்று எண் இல்லாவிட்டால், போன மாதம் சுத்தமாக இருந்தபோது கொடுத்த பதிலையே கருவி இன்றைக்கும் எடுத்து நீட்டலாம். நேரத்தை வைத்துப் பழசா புதுசா என்று பார்க்கலாமே என்று சிலர் கேட்பார்கள். களத்தில் இருக்கும் கருவிகளின் கடிகாரத்தை நம்பி இதைச் செய்யாதீர்கள்; பற்றரி இறந்து பல வருடம் பின்னால் நிற்கும் பெட்டிகள் தாராளமாக இருக்கின்றன.

மின்மானியில் போடும் சீலை நினைத்துக்கொள்ளுங்கள். சீல் திருட்டைத் தடுக்காது, கைவைத்தால் காட்டிக்கொடுக்கும். டிபிஎம் அளவீடும் அப்படித்தான். தடுப்பது 'செக்யூர் பூட்' வசதியின் வேலை. இரண்டும் வேண்டும்.

இந்த முறைக்குப் பொதுவான வரைவு இருக்கிறது. சான்று தரும் கருவி, அதைச் சரிபார்ப்பவர், விடையை நம்பி முடிவெடுப்பவர் என்று மூவரையும் பிரித்துக் காட்டும் ஆர்எஃப்சி 9334 (ஆர்எஃப்சி என்பது இணையத் தொழில்நுட்பப் பொது ஆவண வரிசை) 2023இல் வெளியானது. டிபிஎம் உள்ள வலையமைப்புக் கருவிகளுக்கென்றே ஆர்எஃப்சி 9683 இருக்கிறது. டெண்டர் எழுதும்போது இந்த இலக்கங்களைக் குறிப்பிட்டால், விற்பவர் மழுப்ப முடியாது.

அப்படியென்றால் டிபிஎம் சொன்னால் இறுதியானதா?

இல்லை. 2017இல் ரோகா என்ற குறைபாடு வெளிவந்தது. டிபிஎம் உட்பட இன்ஃபினியன் நிறுவனத்தின் சிப்புகளில் பெருமளவு, ஆர்எஸ்ஏ என்ற குறியாக்க முறையில் பலவீனமான திறப்புகளை உருவாக்கிக்கொண்டிருந்தன. அதே சிப்புகள் இருந்த தன் அடையாள அட்டைகளில் எஸ்தோனியா ஏறக்குறைய 7,50,000ஐப் புதுப்பிக்க வேண்டி வந்தது. அலமாரியைத் திறந்து பலகையில் கம்பி பிடித்து டிபிஎம்முக்கும் கருவியின் புரொசஸருக்கும் இடையே போவதை ஒட்டுக்கேட்கவும் முடியும். அதனால் அலமாரிக்கு ஒழுங்கான பூட்டு போடுவதும் இந்த வேலையின் பகுதிதான்.

எங்கள் ரவுட்டரை நிறுத்தி வருடங்களாகிவிட்டன. பெருமையாகச் சொல்கிறோம். சரிதானே?

உறுதியான கருவி என்று பெருமைப்படலாம். ஆனால் டிபிஎம் அளவீடு காட்டுவது எழும்பிய கணத்தின் நிலையைத்தான். மூன்று வருடமாக ஓடும் கருவியின் பிசிஆர், மூன்று வருடத்துக்கு முந்திய காலையைச் சொல்கிறது. அதற்குப் பின் நினைவகத்துக்குள் மட்டும் புகுந்து உட்கார்ந்திருப்பதை அது அறியாது. 2018இல் 54 நாடுகளில் குறைந்தது 5,00,000 கருவிகளைப் பிடித்த விபிஎன்ஃபில்டர் என்ற நச்சுநிரலின் சில பகுதிகள் நினைவகத்தில் மட்டுமே இருந்தன. வீட்டு ரவுட்டரை ஒருமுறை நிறுத்திப் போடுங்கள் என்று எஃப்பிஐ மக்களைக் கேட்டது அதனால்தான். அதன் முதற்பகுதியோ நிறுத்திப் போட்டாலும் போகாமல் இருந்தது.

பராமரிப்பு நேரம் ஒதுக்கி, திட்டமிட்டு மீள எழுப்புங்கள். எழுப்பியதும் சோதியுங்கள்.

கொழும்பில் இதற்கு இன்னொரு பக்கமும் உண்டு. பெரிய மின்தடை முடிந்து மின்சாரம் வரும்போது, யூபிஎஸ் தாக்குப்பிடிக்காத கருவிகள் எல்லாம் ஒரே நேரத்தில் எழும்பும். எப்போதோ புதுப்பித்து, சரியான ஹேஷ்களை எழுதிவைக்கும் மாதிரிப் பட்டியலில் சேர்க்க மறந்த ஃபேர்ம்வெயார்கள் அன்றைக்குத்தான் "பொருந்தவில்லை" என்று கத்தும். நூறு பொய் எச்சரிக்கைக்குள் ஓர் உண்மையானது ஒளிந்துகொள்ளும். ஃபேர்ம்வெயார் புதுப்பிக்கும் அன்றே மாதிரிப் பட்டியலையும் புதுப்பிப்பதை வேலைச் சீட்டில் ஒரு வரியாகப் போட்டுவிடுங்கள்.

எங்களிடம் இருப்பதெல்லாம் பழைய பிஎல்சி. டிபிஎம்மும் இல்லை, கையொப்பமும் இல்லை. மாற்றப் பணமும் இல்லை. என்ன செய்யலாம்?

உண்மையைச் சொன்னால், பெரும்பாலான இடங்களின் நிலை இதுதான். செய்வதற்கு நிறைய இருக்கிறது.

முதலில் பிஎல்சியின் முகப்பில் இருக்கும் திறப்பைப் பாருங்கள். பல மொடல்களில் ரன், புரோகிராம் என்று திருப்பும் ஒரு திறப்பு இருக்கும். ரன்னில் திருப்பித் திறப்பை உருவி வேறிடத்தில் பூட்டி வைத்துவிட்டால், வலையமைப்பு வழியாக நிரலை மாற்றுவதைப் பல மொடல்கள் ஏற்காது. ஒரு ரூபாயும் செலவில்லை. 2017இல் சவூதி அரேபியாவின் பெட்ரோ கெமிக்கல் ஆலை ஒன்றில் ட்ரைடன் என்ற நச்சுநிரல், விபத்து நேராமல் காக்கும் ட்ரைகோனெக்ஸ் கட்டுப்படுத்திகளுக்குள்ளேயே புகுந்தது. அங்கே அந்தத் திறப்பு புரோகிராம் நிலையில் விடப்பட்டிருந்தது. உங்கள் அலமாரியில் திறப்பு தொங்கிக்கொண்டிருந்தால், இந்தப் பக்கத்தை மூடிவிட்டு முதலில் அதைப் போய்ப் பாருங்கள். திருப்புமுன் இயக்கப் பிரிவிடம் ஒரு வார்த்தை கேளுங்கள்.

அடுத்தது பொறியியல் லெப்டொப். ஸ்டக்ஸ்நெட் பொய் சொன்னது அதன் வழியாகத்தான். பிஎல்சியைத் திறக்கும் லெப்டொப்பில் மின்னஞ்சலும் பார்த்து, பிள்ளையின் பாடக் கோப்பும் பிரிண்ட் எடுத்தால், அதில் வரும் ஒப்பீட்டை எப்படி நம்புவது? அதற்கென்று தனி லெப்டொப் வையுங்கள். முக்கியமான ஒப்பீடுகளை, சுத்தமாக நிறுவிய இரண்டாவது கணினியிலும் ஒருமுறை செய்யுங்கள். இரண்டும் ஒரே விடை தந்தால் மனம் ஆறும்.

மூன்றாவதாக, கருவியைத் தொடாமல் அதன் பேச்சைக் கேளுங்கள். சுவிட்சில் ஒரு போர்ட்டை மிரர் செய்து (அதன் வழியே போவதற்கெல்லாம் ஒரு பிரதி வரும்படி அமைத்து), எந்தக் கருவி எந்தக் கருவியோடு பேசுகிறது என்று பதியலாம். பம்ப் நிலையத்தின் போக்குவரத்து சலிப்பூட்டும் அளவுக்கு ஒரே மாதிரி இருக்கும். அதனால் புதிய முகவரி ஒன்று வந்தால் உடனே தெரியும். அலுவலக வலையமைப்பில் இது கனவு. கட்டுப்பாட்டு வலையமைப்பில் நடக்கிற காரியம்.

ஓடும் பழைய பிஎல்சியை அலுவலகக் கணினிபோல நினைத்து ஸ்கேன் செய்ய மட்டும் வேண்டாம். எதிர்பாராத தரவுப் பொதி வந்தால் நின்றுவிடும் மொடல்கள் இருக்கின்றன. தண்ணீர் ஓடும்போது அதைப் பரிசோதித்துப் பார்க்கக்கூடாது.

கடைசியாக, திரையில் வரும் அளவைக் களத்தில் இருக்கும் முள் மானியோடு அவ்வப்போது ஒப்பிடுங்கள். திரை 4 பார் அழுத்தம் என்கிறது, குழாயில் பொருத்திய மானி என்ன சொல்கிறது? அந்த முள்ளுக்கு வலையமைப்பு இல்லை. பழைய ஆட்கள் செய்துவந்த இந்தச் சுற்றை, ஸ்காடா (தொலைவிலிருந்து பார்த்து இயக்கும் கட்டுப்பாட்டுத் தொகுதி) வந்தபின் வீண்வேலை என்று நிறுத்தினார்கள். என் பார்வையில் இதைத் திரும்பக் கொண்டுவருவது, விலையுயர்ந்த மென்பொருள் ஒன்று வாங்குவதைவிடப் பெறுமதியானது.

புறக்கோட்டையிலோ பம்பலப்பிட்டி யூனிட்டி பிளாசாவிலோ பாதி விலைக்கு சுவிட்ச் கிடைக்கிறது. வாங்கலாமா?

வீட்டுக்கும் கடைக்கும் வாங்குவது உங்கள் விருப்பம். நேர்மையாக வியாபாரம் செய்யும் கடைகள் அங்கே நிறைய. ஆனால் பம்ப் நிலையத்துக்கும் ஐசியூவுக்கும், எங்கிருந்து வந்தது என்று தடம் காட்ட முடியாத பெட்டி வேண்டாம். 2020இல் எஃப்-செக்யூர் என்ற பாதுகாப்பு நிறுவனத்தின் ஆய்வாளர்கள் போலி சிஸ்கோ கேட்டலிஸ்ட் 2960-எக்ஸ் சுவிட்சுகளைப் பிரித்துப் பார்த்தார்கள். பார்க்க அசலேதான். மென்பொருள் புதுப்பித்தபோது வேலை செய்யாமல் போனதால்தான் பிடிபட்டன. எழும்பும்போது நடக்கும் உண்மைத்தன்மைச் சோதனையைச் சுற்றிக்கொண்டு போக, பலகையில் வேலை பார்த்திருந்தார்கள். பின்வாசல் எதுவும் அவற்றில் கண்டுபிடிக்கப்படவில்லை. ஆனால் பின்வாசல் வைக்க நினைப்பவனுக்கு அந்தப் பாதையே போதும்.

தொடர் இலக்கத்தைத் தயாரிப்பாளரிடம் நேரடியாகக் கொடுத்துக் கேளுங்கள். பழைய கருவியை நன்கொடையாகப் பெறும் ஆஸ்பத்திரிகளும் இதைச் செய்ய வேண்டும்.

கூரையில் சூரிய மின்கலம் போட்டிருக்கிறோம். எங்களுக்கும் இதற்கும் என்ன தொடர்பு?

நிறைய. 2025 ஏப்ரல் புத்தாண்டு விடுமுறையில், பகலில் கூரை மின்சாரத்தை நிறுத்தி வைக்குமாறு மின்சார சபை உரிமையாளர்களைக் கேட்டது. பாவனை குறைந்த நாட்களில் கூரைகளிலிருந்து வரும் மின்சாரம் தொகுதியின் சமநிலையைக் குலைக்கும் அளவுக்கு வளர்ந்துவிட்டது. பெப்ரவரி 9 இருளுக்குப் பின்னும், அன்று ஞாயிறு, பாவனை குறைவு, சூரிய மின்சாரம் அதிகம் என்பதைச் சபை காரணமாகச் சொன்னது.

வெள்ளவத்தையில் ஒரு வீட்டுக் கூரை இன்வர்ட்டர் தனியே ஒன்றுமில்லை. ஆனால் அதன் பக்கத்தில் வைஃபை டொங்கிள் ஒன்று இருக்கும். அது தயாரிப்பாளரின் கிளவுட்டோடு பேசும். அங்கிருந்து ஃபேர்ம்வெயாரும் இறங்கும். ஒரே மொடல் ஆயிரக்கணக்கான கூரைகளில் இருந்தால், ஒரே கட்டளை எல்லாவற்றையும் ஒரே நொடியில் நிறுத்தவோ ஓடவிடவோ முடியும். நாம் கவலைப்பட வேண்டியது அந்த ஒரே நொடிக்குத்தான்.

வீட்டுக்காரர் செய்யக்கூடியது: பொருத்தியவர் வைத்துக்கொண்ட நிறுவுநர் கணக்கின் கடவுச்சொல்லை மாற்றச் சொல்லுங்கள், டொங்கிளை வீட்டின் விருந்தினர் வைஃபையில் போடுங்கள், கைபேசிச் செயலியில் காட்டும் ஃபேர்ம்வெயார் பதிப்பை ஒரு படம் எடுத்து வையுங்கள். மிச்சம் வீட்டுக்காரர் தலையில் கட்டக்கூடிய வேலை இல்லை. எந்த இன்வர்ட்டரை மின்தொகுதியில் இணைக்கலாம் என்று பட்டியலிடும்போது, ஃபேர்ம்வெயார் கையொப்பமும் தொலைச்சோதனையும் நிபந்தனையாக வர வேண்டும். இதைக் கேட்க வேண்டிய காலம் இப்போது. கூரைகள் நிறைந்தபின் கேட்டுப் பயனில்லை.

சிசிடிவியுமா?

ஆம். 2016இல் மிராய் நச்சுநிரல் கமராக்களையும் டிவிஆர்களையும் தொழிற்சாலைக் கடவுச்சொற்களால் திறந்தே பெரும் படையைச் சேர்த்தது. கமராவைக் கட்டுப்பாட்டு வலையமைப்பிலிருந்து பிரித்துவிடுங்கள்.

சோதனையில் ஒன்று பொருந்தவில்லை. உடனே வயரைப் பிடுங்கட்டுமா?

பொறுங்கள். அந்தக் கருவி என்ன வேலை செய்கிறது என்று முதலில் கேளுங்கள். மருத்துவக் கருவிக்கோ குளோரின் அளவிடும் பம்புக்கோ போகும் சுவிட்சைப் பிடுங்கினால், தாக்கியவன் செய்ய நினைத்ததை நீங்களே செய்ததாகிவிடும். இயக்கப் பிரிவின் பொறுப்பாளரைக் கூப்பிட்டு, கையால் இயக்க ஆள் நிறுத்தியபின் பிரியுங்கள். பிரிப்பது என்றால் வலையமைப்பிலிருந்து, மின்சாரத்திலிருந்து அல்ல. மின்சாரம் போனால் நினைவகத்தில் இருக்கும் தடயமும் போகும்.

பிறகு, சாதாரணக் காரணங்களை ஒவ்வொன்றாகத் தள்ளுங்கள். போன வாரம் யாராவது ஃபேர்ம்வெயார் மாற்றினாரா? கருவி மாற்றி வைக்கப்பட்டதா? மாதிரிப் பட்டியல் பழசா? பெரும்பாலும் விடை இங்கேயே இருக்கும். இல்லையென்றால் எதையும் அழிக்காமல், மீள நிறுவாமல், பதிவுகளைப் பிரதி எடுத்து, இலங்கை சேர்ட்டுக்கு (கணினித் தாக்குதல்களைக் கவனிக்கும் தேசிய அமைப்பு) அறிவியுங்கள். வெட்கப்பட்டு மூடிவைத்தால், இதே மொடல் வைத்திருக்கும் அடுத்த ஆஸ்பத்திரிக்கு எச்சரிக்கை போய்ச் சேராது.

பக்கத்து நிறுவனத்தின் கருவி இணையத்தில் திறந்து கிடப்பதைப் பார்த்தேன். உள்ளே போய்ப் பார்த்துச் சொல்லலாமா?

கூடாது. 2007ஆம் ஆண்டின் 24ஆம் இலக்க கணினிக் குற்றச் சட்டத்தின்படி அனுமதியின்றி நுழைவதே குற்றம். நல்ல நோக்கம் கவசமாகாது. வெளியிலிருந்து தெரிந்ததை மட்டும் அவர்களுக்கும் சேர்ட்டுக்கும் சொல்லுங்கள்.

எச்சரிக்கை வருகிறது, ஆனால் இரவில் யாரும் பார்ப்பதில்லை. என்ன வழி?

இரவு வேலையில் இருப்பவருக்குப் புரியும் மொழியில் எழுதுங்கள். கொழும்பின் கட்டுப்பாட்டறைகளில் சிங்களம் பேசுபவரும் தமிழ் பேசுபவரும் மாறிமாறி உட்காருகிறார்கள். எச்சரிக்கையோ ஆங்கிலத்தில், அதுவும் கணினி மொழியில் வருகிறது. "பிசிஆர் பொருந்தவில்லை" என்றால் அவர் என்ன செய்வார்? அணைத்துவிடுவார். "மூன்றாம் பம்ப் அறை சுவிட்சின் மென்பொருள் மாறியிருக்கிறது, பொறுப்பாளருக்கு அழைக்கவும், கருவியைத் தொட வேண்டாம்" என்று மூன்று மொழியிலும் வந்தால் அவர் தொலைபேசியை எடுப்பார்.

எங்கள் சிறிய ஆஸ்பத்திரியில் ஐடிக்கு நான் ஒருவன்தான். இந்த மாதம் எதைச் செய்தால் போதும்?

பட்டியல் எழுதுங்கள். தொழிற்சாலைக் கடவுச்சொற்களை மாற்றுங்கள். ரவுட்டர், ஃபயர்வோல், முக்கிய சுவிட்சுகள் ஆகியவற்றின் செட்டிங்ஸை ஒரு யூஎஸ்பியில் எடுத்து, திகதி எழுதி, நிர்வாகியின் பெட்டகத்தில் வையுங்கள். அடுத்த மாதம் மறுபடி எடுத்து இரண்டையும் ஒப்பிடுங்கள். இதைச் செய்ய இலவச மென்பொருள்களே போதும். மாறிய ஒவ்வொரு வரிக்கும் எதிரே யார், ஏன் மாற்றினார் என்று எழுதுங்கள். எழுத முடியாத வரி இருந்தால், சேவை நிறுவனத்தைக் கூப்பிட்டுக் காரணத்தை எழுத்தில் கேளுங்கள்.